சர்வாதிகாரத்துக்கு எங்கள் வீட்டில் இருந்த பெயர்கள்

பத்தாம் வகுப்புக்கு நான் சமூக அறிவியல் நடத்துகிறேன். வருஷா வருஷம் பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச நாளில் 'சர்வாதிகாரம்' என்று கரும்பலகையில் எழுதிக் கீழே கோடு போட்டு, "இதுக்கு வேற என்னென்ன சொல்லலாம், சொல்லுங்க" என்று பிள்ளைகளைக் கேட்பது என் வழக்கம். இந்த வருஷமும் எழுதினேன். கேட்கவில்லை. "பாடத்தைப் படிச்சு வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். போன மாசியில் என் அம்மா செத்துப்போனாள். அந்தச் சாவுக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தம் இருக்கிறது. என் கைக்கும் சம்பந்தம் இருக்கிறது. அதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

மற்ற வருஷங்களில் அது கலகலப்பான வகுப்பு. புத்தகம் படிக்கிற பிள்ளை எழுந்து "எதேச்சாதிகாரம்" என்னும். அதைக் கரும்பலகையில் தப்பில்லாமல் எழுதச் சொன்னால் பாதிப் பேருக்கு வேர்த்துவிடும். தமிழ் ஐயாவிடம் நல்ல பெயர் வாங்குகிற பிள்ளை "கொடுங்கோன்மை" என்னும். கடைசி பெஞ்சுதான் எனக்குப் பிடித்த பெஞ்சு. அங்கிருந்து "நாட்டாமை பண்றது டீச்சர்", "தர்பார் நடத்துறது டீச்சர்", "எங்க வேன் டிரைவர் டீச்சர்" என்று வரும். புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் ராஜா காலத்து வார்த்தைகளை இன்னும் விடவில்லை. கொஞ்சம் காலை நீட்டி உட்கார்ந்தாலே "என்னடா, ராஜாங்கமா பண்ற?" என்றுதான் கேட்பார்கள். எல்லாவற்றையும் எழுதிவிட்டு, தனி ஒருவர் வைத்ததே சட்டம், கேள்வி கேட்க ஆளில்லை, அதுதான் சர்வாதிகாரம் என்று முடிப்பேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். மணி அடிக்கும்.

பதினாறு வருஷமாக இதைச் சொல்லிக்கொடுத்தவள், வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றியதும் அதை மறந்துவிடுவேன்.

எங்கள் வீட்டிலும் அந்தச் சொல் புழங்கியது. ஆனால் அது அம்மாவுக்குச் சொன்ன சொல். யாராவது விருந்தாளி வந்து உட்கார்ந்திருக்கும்போது அம்மா காபியோடு வெளியே வந்தால் அப்பா சொல்வார், "இந்தா வாராக பாருங்க, எங்க வீட்டு சர்வாதிகாரி. இவுக சொன்னா மறுபேச்சே கெடையாது." வந்தவர்கள் சிரிப்பார்கள். அம்மாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். அம்மாவின் சாம்ராஜ்யம் எது என்று கேட்டால், அடுப்படி. அதிலும் அன்றைக்கு என்ன குழம்பு என்று காலையில் நிலைப்படியில் நின்று அப்பா ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தோப்புக்குப் போவார். மொச்சை என்பார். கருவாடு என்பார். உப்பும் புளியும் மட்டும் அம்மாவின் இஷ்டம். அந்த உப்பும் புளியும் சரியில்லை என்றால் அதற்கும் பேச்சு உண்டு.

அப்பாவுக்கு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அவருக்கு வேறு பெயர்கள் இருந்தன. ஊர்க்காரர்கள் "கறாரான மனுசன்" என்பார்கள். சொந்தக்காரர்கள் "கண்டிப்பு" என்பார்கள். சித்தப்பா "அண்ணன் ஒரு வார்த்தை பேசுனா பேசுனதுதான்" என்று பெருமையாகச் சொல்வார். அம்மா "அவுக கொணம் அப்படி" என்பாள். என் வீட்டுக்காரர், சிங்கப்பூரில் இருக்கிறவர், "மாமா பொறுப்பான ஆளு" என்பார். நான் "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பேன். ஒரே ஒரு சங்கதிக்கு இத்தனை பெயர்கள். அகராதிக்காரர்கள் யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. இதை நான் சொல்லாவிட்டால் பொய் எழுதினவள் ஆவேன். குடி கிடையாது. எங்கள் மேல் கை வைத்ததே கிடையாது. ஆலங்குடி பக்கத்தில் இருக்கிற தென்னந்தோப்பையும் கடலைக் கொல்லையையும் நம்பி என்னை பி.எட். வரை படிக்க வைத்தார். எனக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பங்குலையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே படுத்துக்கிடந்தவர். ஆனால் அவரைக் கேட்காமல் எதுவும் நடக்கக் கூடாது. கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார். கேட்கணும், அவ்வளவுதான். கேட்காமல் செய்வதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'தன்மூப்பு'. 'யாரைக் கேட்டுத் தன்மூப்பா இதச் செஞ்ச?' என்பார். நினைத்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. தன் இஷ்டப்படி ஒருவர் நடப்பதுதான் அந்தச் சொல்லுக்கும் அர்த்தம். அதை ஆளுகிறவர் ஆளப்படுகிறவர்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் ஒரே ஒரு தடவை தன்மூப்பாக நடந்தேன். பத்தாவது முடித்துப் பதினொன்றாம் வகுப்பில் சேரப் போனபோது, விண்ணப்பத்தில் முதல் குரூப் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கணக்கு எனக்கு நன்றாக வரும். டீச்சர் சொன்னார், எழுதினேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய், எல்லாரும் பார்க்க அந்தத் தாளை வாங்கி, வேறு குரூப்பை எழுதிக் கொடுத்தார். சத்தம் போடவே இல்லை. "புள்ள தெரியாம எழுதிருச்சு சார்" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு மத்தியானம் அவர் வீட்டில் சாப்பிடவில்லை. ராத்திரியும் சாப்பிடவில்லை. ஊரில் ஒரு டீக்கடை இருக்கிறது, அங்கே போய் எதையோ தின்றுவிட்டு வந்து திண்டுக்கல் பூட்டு மாதிரி வாயைப் பூட்டிக்கொண்டு படுத்துக்கொள்வார். அப்பா சாப்பிட்ட பிறகுதான் அம்மா சாப்பிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி. அவர் வீட்டில் கை நனைக்காத நாளில் அவளும் கை நனைக்க மாட்டாள். நீராகாரத்தை இரண்டு வாய் குடித்துவிட்டு வேலை பார்ப்பாள். ஐந்து நாள் போனது. ஐந்தாம் நாள் அம்மா கிணற்றடியில் குடத்தோடு உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. நான் ஓடிப் போய் அப்பாவின் காலில் விழுந்தேன். "இனிமே ஒங்களக் கேக்காம எதுவும் செய்ய மாட்டேம்ப்பா" என்றேன். அவர் "சரி, எலையப் போடச் சொல்லு" என்றார். அம்மாவும் சாப்பிட்டாள். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று, அவள் சோற்றை விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்குப் பதினைந்து வயது. நான் ஒரு தப்புச் செய்தால் என்னை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள், அம்மாவுக்குத்தான் சோறு இல்லாமல் போகும் என்று மனசில் பதிந்தது.

அதற்குப் பிறகு நான் நல்ல பிள்ளை. எள் என்றால் எண்ணெயாக நிற்பேன். கல்யாணப் புடவை, வேலைக்கு எழுதிய விண்ணப்பம், வங்கியில் கணக்குத் திறந்தது, எல்லாவற்றுக்கும் அப்பாவிடம் ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதால் நான் அம்மா வீட்டிலேயே இருந்தேன். நாற்பத்தொரு வயதாகிறது. ஊரில் எல்லாரும் எனக்கு வணக்கம் வைக்கிறார்கள். நான் அப்பாவைக் கேட்காமல் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டதில்லை.

மாசி மாதம், சனிக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "வாயுதான், ஓமத்தண்ணி குடி" என்றார் அப்பா. குடித்தாள். சனிக்கிழமை விடியும்போதே அவர் ஜெகதாப்பட்டினத்துக்கு பஸ் ஏறிவிட்டார். அங்கே ஐஸ் கம்பெனி வைத்திருந்த அவருடைய பழைய சிநேகிதர் முந்தின நாள் தவறிவிட்டார், கேதத்துக்குப் போனார். அவரிடம் ஒரு பட்டன் போன் உண்டு. அதை எப்போதும் அணைத்தே வைத்திருப்பார். பேச வேண்டும் என்றால் எடுத்துப் பேசுவார், பேசி முடித்ததும் அணைத்துவிடுவார். "என்னைய யாரு கூப்புடணும்? வேணுங்கிறப்ப நான் கூப்புடுவேன்" என்பார். "அவுக போனு பேசும், கேக்காது" என்று அம்மா கேலி செய்வாள்.

ஒன்பது மணிக்கு அம்மாவுக்கு வலி தாங்க முடியவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், பலகை மாதிரி இருந்தது. ஆட்டோவைக் கூப்பிட்டேன். "அவுக வரட்டும்டி, வந்து என்ன சொல்றாகளோ" என்று வாசற்படியைப் பிடித்துக்கொண்டாள். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் வண்டியில் ஏற்றினேன். அதுவரைக்கும் எனக்குத் தைரியம் இருந்தது. இதை எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன்.

புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரிக்காரர்கள் மளமளவென்று பார்த்தார்கள். ஊசி போட்டார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், டிரிப் ஏற்றினார்கள். அவர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. பதினோரு மணிக்கு டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "குடல்ல ஓட்டை விழுந்திருக்கும்மா. ஒடனே ஆபரேஷன் பண்ணணும். வயசாயிருச்சு, சுகர் இருக்கு, பயம் இருக்கத்தான் செய்யும். பண்ணாம விட்டா பயமே வேண்டாம், முடிஞ்சிரும். கையெழுத்துப் போடுங்க, தியேட்டருக்குக் கொண்டுபோயிருவோம்."

நர்ஸ் ஒரு அட்டையில் தாளை மாட்டிக் கொடுத்தாள். பேனாவும் கொடுத்தாள்.

"அப்பா வந்துருவாக" என்றேன்.

"எப்ப வருவாங்க?"

"ஜெகதாப்பட்டினம் போயிருக்காக. போன் பண்றேன்."

பண்ணினேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பத்துத் தடவை, இருபது தடவை பண்ணினேன். சித்தப்பாவுக்குப் பண்ணினேன். "அண்ணனுக்குச் சொல்லாம எதுவும் பண்ணிராதத்தா, நான் ஆள் விட்டுப் பாக்குறேன்" என்றார். சிங்கப்பூருக்குப் பண்ணினேன். "மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாளைக்கிப் பேச்சு நம்ம தலையில விடியும்" என்றார். அவரைக் குறை சொல்வதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அம்மா அப்போது நல்ல நினைவோடு இருந்தாள். டாக்டர் அவளிடமே கேட்டார். "நீங்களே கையெழுத்துப் போடலாம்மா, போடுறீங்களா?" அம்மா என்னைப் பார்த்தாள். "அவுக வரட்டும்யா" என்றாள் டாக்டரிடம். அவர் அந்தப் பக்கம் போனதும் என் கையைப் பிடித்து, "நீ போட்றாத. நாளப்பின்ன ஒனக்குத்தான் பேச்சு. எனக்கு ஒண்ணும் செய்யாது" என்றாள். வலியில் உதடு வெளுத்திருந்தது. அவளும் என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டரைக்கு நர்ஸ் வந்தாள். "நீங்க மகதானே?"

"ஆமா."

"டீச்சர்னு சொன்னீங்க?"

"ஆமா."

"பெறகு என்னங்க?"

இதற்கு நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. "இப்ப வந்துருவாக" என்றுதான் சொல்லியிருப்பேன். ஒன்றரை மணிக்கு எப்படியோ கேத வீட்டுக்காரர் ஒருவருடைய நம்பர் கிடைத்தது. காரியம் முடிந்ததும் அப்பா குளித்துவிட்டுக் கிளம்பிவிட்டார் என்றார்கள். அறந்தாங்கியில் வண்டி மாறி ஆலங்குடிக்கு வர வேண்டும். போன் அணைந்தே கிடந்தது.

இரண்டு மணிக்கு டாக்டரே வந்தார். அம்மாவின் கண்ணைத் திறந்து பார்த்தார். அவள் முனகினாள், பேசவில்லை. டாக்டர் என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஒருவேளை நான் பயந்தாவது போட்டிருப்பேன். அதட்டலுக்குப் பழகின ஆள் நான். அவர் தணிந்த குரலில், "இன்னும் தள்ளிப் போட்டா நாங்க செஞ்சும் பிரயோஜனம் இருக்காதும்மா. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசித்துச் சொல்ல வேண்டுமாம். நான்.

பேனாவை எடுத்தேன். அப்பாவின் முகம் வரவில்லை, கிணற்றடியும் குடமும்தான் கண்ணில் வந்தன. இனிஷியலைப் போட்டேன். அது அப்பாவுடைய பெயரின் முதல் எழுத்து. அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன். என் பெயரை எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஒரு நிமிஷமா, ஐந்து நிமிஷமா, தெரியவில்லை. நர்ஸ் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "வந்துருவாக, இந்தா வந்துருவாக" என்று அழுதேன்.

உலகத்தில் எத்தனையோ நாட்டில் ஜனங்கள் துப்பாக்கிக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பாடமாக நடத்துகிறேன். எனக்கு முன்னால் துப்பாக்கி இல்லை. அதட்ட ஆள் இல்லை. அவர் அறந்தாங்கி பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்திருப்பார். மிச்சத்தை நானே செய்தேன்.

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் சித்தப்பா விட்டிருந்த ஆள் அப்பாவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். நாலு மணிக்கு அவர் வந்தார். கேதக் குளியலில் நனைந்த துண்டு தோளில் அப்படியே இருந்தது. ஓட்டமும் நடையுமாக வந்தார். அவர் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டாக்டர் இரண்டு வரி சொல்வதற்குள் "எங்க போடணும்?" என்று கேட்டார். வாங்கினார், சுவரில் அட்டையை வைத்துப் போட்டார். அவ்வளவுதான். எண்ணினால் அரை நிமிஷம் ஆகியிருக்காது. நான் போட்ட எழுத்துக்கும் புள்ளிக்கும் கீழே அவருடைய முழுக் கையெழுத்து இருந்தது.

அம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள். கடைசி வரை கண் விழிக்கவில்லை. டாக்டர் அப்பாவிடம், "கொஞ்சம் முன்னாடி செஞ்சிருந்தா ஒருவேளை பாத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. நல்ல மனுஷர்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள். வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போய்விட்டார்கள். வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக முற்றத்தில் உட்கார்ந்து நான் துலக்கிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ரொம்ப இளைத்திருந்தார். என்னவோ கேட்கப் போகிறார் என்று தெரிந்தது. அண்டாவைத் தேய்ப்பதை நான் நிறுத்தவில்லை.

"ஏத்தா, எத்தன மணிக்கு ஒங்கிட்டக் கேட்டாக?"

"பதினோரு மணிக்கு."

"நான் நாலு மணிக்கில்ல வந்தேன்."

"ஆமாப்பா."

பிறகு கேட்டார். "நீ போட்டிருக்கலாம்ல? நீ படிச்ச புள்ள. நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்?"

அவர் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷமாக இந்த வீட்டில் நாங்கள் எதற்குப் பயந்தோம் என்பது அந்த ஒரு மனிதருக்கு மட்டும் தெரியவில்லை. சொல்வதற்கு என்னிடம் இருந்தது. முதல் குரூப்பிலிருந்து ஆரம்பித்து வரிசையாகச் சொல்லியிருக்கலாம். பதினாறு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அந்தச் சொல்லையே அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"ஏந் தப்புத்தாம்ப்பா" என்றேன்.

அவர் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார்.

"அழுவாத. தெரியாமச் செஞ்சுட்ட. நான் ஒன்ன ஒண்ணும் சொல்லல, மனசுலயும் வச்சுக்கல. விடு" என்றார்.

அவர் என்னை மன்னித்துவிட்டார். அந்தக் கை தலையில் இருந்தவரைக்கும், அம்மா செத்த நாளிலிருந்து வராத நிம்மதி எனக்கு வந்தது. ஆமாம், நிம்மதியாக இருந்தது. அவளைப் புதைத்துப் பதினேழு நாள்தான் ஆகியிருந்தது.